அடுத்தவர் தலைவலி நமக்கு வந்தால்: புலன் கலப்போடு டாக்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு

கோயம்புத்தூரில் நான் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்து, கேஷுவல்டியில் மூன்றாவது நாள். பைக்கிலிருந்து விழுந்த பையனுக்கு மோவாயில் சீனியர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நான் லைட்டைத் திருப்பிப் பிடித்தபடி நின்றேன். ஊசி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் என் மோவாயில் சுருக்கென்றது. நாலாவது தையலில் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "ஏனுங்க டாக்டர், அவனுக்குத் தையல் போட்டா நீங்க எதுக்கு மோவாயப் புடிச்சுக்கறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், கிளவுஸ் போட்ட இடது கை என் முகத்தில் இருந்தது. கிளவுஸை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திட்டும் விழுந்தது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நம்மில் சிலருக்கு அடுத்தவருக்கு வந்தாலே தெரிந்துவிடுகிறது. அல்லது தெரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தெரிவதற்கும் தோன்றுவதற்கும் நடுவில் இருக்கிற சந்து எனக்குப் புலப்பட ஐந்தாறு வருடம் ஆனது. இடையில் சில தப்புகள் செய்தேன். இப்போது கோபிப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஹவுஸ் சர்ஜனாகவோ, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டராகவோ புதிதாக வேலைக்கு வந்து, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குழம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எது என்று கண்டுபிடியுங்கள்

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஒன்று, சினஸ்தீசியா என்கிற புலன் கலப்பு. ஒரு புலனுக்கு வரும் சேதி இன்னொரு புலனையும் சேர்த்து எழுப்பிவிடும். எனக்கு 'க' கரும்பழுப்பு, 'ம' வெண்ணெய் நிறம், 7 பச்சை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அ, ஆ படித்த நாளிலிருந்தே அப்படித்தான். இதைத் தன்னிடமே கண்டு முதலில் எழுதிவைத்தவரும் ஒரு மருத்துவர்தான். ஜெர்மனியில் கேயார்க் சாக்ஸ் என்பவர் 1812இல் தன் பட்ட ஆய்வேட்டில் எழுத்துகளும் எண்களும் தனக்கு நிறத்தோடு தோன்றுவதைக் குறித்திருக்கிறார். 1880இல் பிரிட்டன் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் இதை ஊர் அறியச் செய்தார். ஏதாவது ஒரு வகைப் புலன் கலப்பு நூற்றுக்கு நாலு பேருக்கு இருக்கலாம் என்று 2006இல் வந்த பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. 200 பேர் படிக்கும் பேட்சில் எட்டுப் பேர். ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, மிரர் டச். அடுத்தவரைத் தொடுவதைப் பார்த்தால் நம் உடம்பில் தொட்டது போல் இருப்பது. 2005இல் லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர் குழு ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவுக்கு இருக்கும். அதே 200 பேரில் மூன்று பேர்.

மூன்றாவது வெறும் இளகிய மனசு. உடம்பில் எந்த இடத்திலும் எதுவும் தொடாது, ஆனால் நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும். மிரர் டச் உள்ளவர்களுக்கு இதுவும் சேர்ந்தே வருவது சகஜம். 2007இல் மைக்கேல் பனிசி, ஜேமி வார்டு இருவரும் செய்த ஆய்வில், அப்படிப்பட்டவர்கள் அடுத்தவர் உணர்ச்சிக்கு அதிகமாக அசைகிறார்கள் என்று வந்தது.

சோதிப்பது எளிது. ஒரு நோட்டில் பதினெட்டு மெய்யெழுத்தும் 0 முதல் 9 வரை எண்களும் எழுதி, பக்கத்தில் நிறத்தைக் குறித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து, பார்க்காமல் இன்னொரு முறை எழுதுங்கள். உண்மையான புலன் கலப்பில் நிறம் மாறாது. பத்துக்கு ஆறுதான் ஒத்துவருகிறது என்றால் அது கற்பனை வளம். அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு. மிரர் டச்சுக்கு, ஒரு சிநேகிதியை எதிரே உட்காரவைத்து அவளுடைய இடது கன்னத்தை அவளே தொடச் சொல்லுங்கள். உங்கள் எந்தக் கன்னத்தில் தொட்டது என்று குறித்துவையுங்கள். இது கீழே வேண்டும்.

இவை மூன்றுமே நோய் அல்ல. ஒரே ஒரு விலக்கு: சின்ன வயதில் இல்லாமல் இப்போது திடீரென்று வந்ததா? ஒரு பக்கம் மட்டுமா? தலைவலியோ, சில நொடி நினைவு தப்புவதோ கூடவே வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி, வலிப்பு, சில மருந்துகள் எல்லாம் இதே வேஷத்தில் வரும்.

இடதா, வலதா

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னிமலையிலிருந்து தறி ஓட்டுகிறவர் ஒருவர் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். முட்டி வீங்கியிருந்தது. அவர் காலை நீட்டி மடக்கும்போது என் வலது முட்டியில் குடைந்தது. வரிசையில் இன்னும் எழுபது பேர். வலது முட்டிக்கு எக்ஸ்ரே எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் எக்ஸ்ரே அறையிலிருந்து தம்பி வந்து நின்றார். "மேடம், அவருக்கு நோவறது பீச்சாங்கால்ங்களாமா. நீங்க சோத்தாங்காலுக்கு எழுதியிருக்கீங்க."

எதிரே உட்கார்ந்தவரின் இடது முட்டி என் வலது முட்டியில் நொந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல. 2007 ஆய்விலும் மிரர் டச் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் திரும்பி விழுகிறது; சிலருக்கு மட்டும் இடதுக்கு இடது நேராக விழுகிறது. அன்று போனது ஒரு எக்ஸ்ரே தாள், எனக்குக் கொஞ்சம் மானம், அந்த மனிதருக்கு அரை நாள் கூலி. அதுவே ஆபரேஷன் தியேட்டராக இருந்திருந்தால்?

"எனக்குத் திரும்பித்தான் விழுகிறது, அதனால் மாற்றி எழுதிக்கொள்கிறேன்" என்று கணக்குப் போடாதீர்கள். எதிரே நின்றால் ஒரு மாதிரி, தலைமாட்டில் நின்றால் ஒரு மாதிரி, இரவு மூன்று மணிக்கு வேறு மாதிரி. பக்கத்தை எழுத உங்கள் உடம்பைக் கேட்கவே கூடாது. நான் செய்வது இது. "எந்தப் பக்கமுங்க? கை வெச்சுக் காட்டுங்க" என்பேன். அவர் கை வைத்த இடத்தில் என் கையை வைப்பேன். "சோத்தாங்கைப் பக்கமுங்களா?" என்று சத்தமாகக் கேட்பேன். அவர் தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பேனா. இடது வலது குழப்பிக்கொள்கிற ஆள் கூட சோத்தாங்கை பீச்சாங்கையில் தப்பு செய்ய மாட்டார். சாப்பிடுகிற கை எதுவென்று எல்லோருக்கும் தெரியும். நோயாளியை மேசை மீது படுக்கவைக்கும் முன்பே வெட்டவேண்டிய இடத்தில் பேனாவால் குறி போடும் வழக்கத்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலிலேயே அது இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சடங்கு, உங்களுக்கு அது கைத்தடி.

உடம்பு சும்மா இருந்தாலும் நோயாளி சும்மா இருப்பதாக அர்த்தமில்லை

இரண்டாவது பெரிய தப்பு இதற்கு நேர் எதிர். காங்கேயம் பக்கத்து விவசாயி, அறுபது வயது இருக்கும், பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. "வவுறு ஒரு மாதிரி இருக்குதுங்க. சோடா குடிச்சனுங்க, கேக்கல" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்தார். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் உடம்பில் ஒரு சலனமும் இல்லை. பக்கத்தில் மணிக்கட்டு முறிந்த காலேஜ் பையன் அலறிக்கொண்டிருந்தான். என் மணிக்கட்டு பற்றி எரிந்தது. நான் பையனிடம் போனேன். வழக்கப்படி ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸ் தாளை நீட்டியபோது இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். என்கிற வரிகள் எல்லாவற்றிலும் எஸ்.டி. என்கிற பகுதி மேலே தூக்கி, குடை பிடித்து நின்றது. மாரடைப்பு. 108இல் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். பிழைக்கவைத்தது அந்த நர்ஸ்.

சர்க்கரை முற்றினால் நரம்பு மரத்துப்போய் நெஞ்சுவலியே தெரியாமல் மாரடைப்பு வரும் என்பது பரீட்சையில் எழுதிய பாடம்தான். ஆனால் முகம் சுளிக்காதவரின் வலி நம் உடம்புக்கு வந்து சேராது என்பதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. நமக்கு வருவது நோய் அல்ல. நோயைக் காட்டுகிற முகம். முகம் காட்டாவிட்டால் ஒன்றும் வராது. அதிலும் நம் ஊர்க்காரர்கள் காட்ட மாட்டார்கள். கால் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும், "சித்த நோகுதுங்க, காட்டுல வேல கெடக்குது, சீக்கிரமாத் தாட்டி உட்ருங்க" என்பார்கள்.

அதனால் விதியை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, வியர்வை, மேல் வயிற்றில் ஏதோ ஒன்று என்றால் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. உங்கள் நெஞ்சு என்ன சொல்கிறது என்பது கணக்கில் இல்லை.

கேட்கவேண்டிய விதமும் ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் "நீங்களே போட்டுக்குங்க" என்பார்கள். சொற்களைக் கேளுங்கள். குத்துதா, குடையுதா, எரியுதா, கடுக்குதா, விண்ணு விண்ணுனு தெறிக்குதா, மதமதன்னு இருக்குதா? குறுக்கு என்றால் இடுப்புக்குப் பின்புறம், பொடனி என்றால் பிடரி. வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மேலெல்லாம் நோகுது என்பதில் மேல் என்பது உடம்பு, மாடி அல்ல. (சென்னைக்காரத் தோழி ஒருத்தி "மேலுக்குச் சொகமில்லீங்க" என்று வந்த பாட்டியின் தலையை மட்டும் அரைமணி நேரம் சோதித்த கதை எங்கள் பேட்சில் பிரசித்தம்.) அப்புறம், ராத்திரி தூங்கினீர்களா, சோறு இறங்கியதா, மாடு கறக்க எழுந்தீர்களா என்று கேளுங்கள். கறக்க எழவில்லை என்றால் அது பத்துக்குப் பத்து.

நிறமும் எண்ணும்

நிறம் தெரிகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு சண்டைக்களம். மருந்து ஏற்றக் கையில் குத்திவைக்கும் குழாயான கேனுலாவில் அளவுக்கு ஒரு நிறம்: 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள். என் மண்டைக்குள் 22 செங்கல் நிறம், 24 ஊதா. முதல் மாதம் முழுக்க ட்ரேயைப் பார்த்தால் கூட்டத்தில் அத்தனை பேரும் சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. சோதனைக்கு ரத்தம் பிடிக்கும் குழாய்களிலும் அப்படித்தான், உள்ளே இருக்கும் ரசாயனத்துக்கு ஒரு மூடி நிறம்: ஊதா மூடியில் ஈ.டி.டி.ஏ., சாம்பலில் ஃப்ளோரைடு, நீலத்தில் சிட்ரேட். எடுத்த ரத்தத்தைத் தவறான குழாயில் ஊற்றினால் சோதனைக்கு ஆகாமல் வீணாகும், இன்னொரு முறை குத்தவேண்டும். அந்தக் குத்தும் உங்களுக்கே வலிக்கும்!

பழக ஒரு வழி: ட்ரேயில் உள்ள நிறத்தைக் கண்ணால் பார்க்கும்போது வாய் எண்ணைச் சொல்லட்டும். "பதினெட்டு, பச்சை." ஒரு மாதத்தில் இரண்டும் தனித்தனி அலமாரிக்குப் போய்விடும்.

நன்மையும் உண்டு. ஐ.பி. நம்பர், பெட் நம்பர், நேற்றைய கிரியாட்டினின் எல்லாம் நிறத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரவுண்ட்ஸில் சீஃப் கேட்கும்போது தாளைப் பார்க்காமல் சொல்லிப் பெயர் வாங்கலாம். ஆனால் மருந்தளவில் இந்த வித்தை வேண்டாம். எனக்கு 6ம் 8ம் ஏறக்குறைய ஒரே நிறம். ஞாபகத்தில் நிறம்தான் நிற்கும், எண் மாறிப்போகும். அளவை ஒவ்வொரு முறையும் தாளைப் பார்த்து, நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகு போடுங்கள். .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், 5.0 என்று ஒருபோதும் எழுத வேண்டாம். இது எல்லா டாக்டருக்குமான விதிதான். நமக்குக் கொஞ்சம் கூடுதலாக.

தூக்கிவாரிப் போடும்போது

ஜோயல் சலினாஸ் என்று அமெரிக்காவில் ஒரு நரம்பியல் மருத்துவர். மிரர் டச் உள்ளவர், அதை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். மாணவராக இருந்தபோது ஒரு நோயாளியின் நெஞ்சை அழுத்தியதைப் பார்த்து அந்த அழுத்தம் தன் நெஞ்சிலேயே விழுந்ததாகவும், நோயாளி இறந்ததும் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்ததாகவும் அவர் விவரித்திருக்கிறார். நடுராத்திரி கேஷுவல்டி வாஷ்பேசினில் குனிந்து நின்ற யாருக்கும் அது புதுக் கதை இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு உதவியவை இவை. பார்க்கிறவராக நிற்காதீர்கள், செய்கிறவராகிவிடுங்கள். நெஞ்சு அழுத்துவதைச் சுவரோரம் நின்று பார்த்தால் நம் நெஞ்சு நொறுங்கும். நாமே அழுத்தினால் கைக்கு வேலை, வாய்க்கு எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முப்பதுக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற்று. எண்ணிக்கொண்டிருக்கும் மனசுக்குள் வேறு எதுவும் அவ்வளவு சுலபமாக நுழைய முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டிய வேலை இல்லாதபோது உங்கள் கிளவுஸைப் பாருங்கள், மானிட்டரைப் பாருங்கள்.

கைக்கு வேலை இல்லாத நேரம்தான் உண்மையில் ஆபத்து. மஞ்சள் காட்டில் விரியன் கடித்து வருவார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைக்கவேண்டும். அந்த 20 நிமிஷமும் அவர் கால் கண்ணெதிரே வீங்கும். உங்கள் கெண்டைக்கால் விண்ணென்று இழுக்கும். அங்கேயே நிற்காதீர்கள். கடித்த இடத்திலிருந்து வீக்கம் எங்கே வரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள், விஷ முறிவு மருந்து வயல்களை எடுத்து எண்ணி வையுங்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வந்தால் போனை முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

கண் இருட்டினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு உட்காருங்கள். விழும் முன் தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்தால் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும், மயக்கம் தள்ளிப்போகும். வெறும் வயிற்றோடு டியூட்டிக்கு வர வேண்டாம். எங்கள் ஊரில் நாலடிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது, ஒரு தேங்காய் பன்னும் டீயும் உள்ளே தள்ளிவிட்டு வாருங்கள்.

ஒறம்பரைக் கூட்டம்

கொங்கு நாட்டில் ஒருவர் அட்மிட் ஆனால் வேன் பிடித்துக்கொண்டு ஒறம்பரை வந்து இறங்கும். மாமன் மச்சான், பங்காளி, அம்முச்சி, அப்பச்சி. இருபது முகம், இருபது வெசனம். இளகிய மனசுக்காரருக்கு இது நோயாளியைவிடப் பெரிய சோதனை. "பேச ஒருத்தர், பக்கத்தில் இருக்க ஒருத்தர், வாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முறுக்கிக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் பெரியவர் யார் என்பது அவர்களுக்குள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

இறந்த செய்தி சொல்வதானால் உட்கார்ந்து சொல்லுங்கள். "எங்களால் ஆனதைச் செய்தோம்" என்று சுற்றி வளைத்தால் பாதிப் பேருக்குப் புரியாது, "அப்ப எப்பங்க வார்டுக்கு மாத்துவீங்க?" என்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது. "இறந்துட்டாருங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். ஒப்பாரி எழும், உங்கள் தொண்டையும் அடைக்கும். அடைக்கட்டும். எழுந்துபோய்க் கையை முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவுங்கள். அடுத்த நோயாளிக்கும் இவருக்கும் நடுவில் அந்தத் தண்ணீர்தான் வரப்பு.

வலியை வாங்காமல், என்ன வேண்டும் என்று கேட்பது

மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 2004இல் 16 பெண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, அவர்களின் துணைவர் கையில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். தனக்கு வலிக்கும்போது மூளையில் எழும் சில இடங்கள், அவருக்கு வலிக்கும்போதும் எழுந்தன. பிறகு அதே குழுவில் ஓல்கா கிளிமெக்கி சிலருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அடுத்தவர் துன்பத்தோடு சேர்ந்து உணரப் பயின்றவர்கள் நொந்துபோனார்கள். அதே ஆட்களுக்கு, துன்பப்படுகிறவர் மேல் பரிவும் நல்லெண்ணமும் வளர்க்கும் பயிற்சி கொடுத்ததும் தெம்பு திரும்பியது. இரண்டும் மூளையில் வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன.

படிக்கும்போது இது எனக்கு ஒட்டவில்லை. ஒட்டவைத்தது ஒரு பாட்டி. நுரையீரலில் சளி கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று நாள் படுக்கவேண்டும் என்றதும் கையைப் பிடித்து அழுதார். என் நெஞ்சும் சேர்ந்து இறுகியது, நானும் கண்கலங்கி நின்றேன். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தால் யார் ஊசி போடுவது? "அம்மாயி, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் கண்ணு. மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவாங்க? கண்ணுக்குட்டி வேற கெடக்குது" என்றார். இட்டேரியைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்காரரின் நம்பர் அவர் சுருக்குப் பையில் ஒரு சீட்டில் இருந்தது. போன் போட்டேன். அவர் "நான் பாத்துக்கறனுங்க" என்றதை ஸ்பீக்கரில் கேட்டதும் பாட்டி படுத்துவிட்டார். மூச்சு வாங்குவது குறையவில்லை; அழுகை நின்றது. என் இறுக்கமும் விட்டது. அவர் வலியை நான் மூன்று நாள் சுமந்திருந்தாலும் அந்த மாடு தண்ணீர் குடித்திருக்காது.

நெஞ்சு இறுகும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பதில் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

எந்தப் பிரிவை எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். ரேடியாலஜிக்கும் பேத்தாலஜிக்கும் ஓடிவிடலாமா என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம். பிடித்தால் போங்கள், பயந்து போகாதீர்கள். ஹவுஸ் சர்ஜன் வருடம் எல்லாப் பிரிவிலும் சுற்றுவதற்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும், தூக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிவையுங்கள். வருடக் கடைசியில் அதுவே பதில் சொல்லும். எனக்குத் தீக்காய வார்டு ஆகவில்லை. பிரசவ வார்டு ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உங்களைப் பார்த்துக்கொள்வது

டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது முகங்களைப் பார்க்காதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தென்னந்தோப்பைப் பாருங்கள். டிவியில் அடிதடி ஓடினால் சேனலை மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

வேலையில் எரிந்துபோவதற்கு மூன்று அடையாளங்களை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வகுத்தார். வற்றிப்போவது, ஆட்களை ஜடமாகப் பார்க்கத் தொடங்குவது, செய்வது எதற்கும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. நம்மைப் போன்றவர்களிடம் இரண்டாவது வந்தால் சட்டென்று ஒரு நிம்மதியாகக்கூட இருக்கும், "அப்பாடா, இப்பல்லாம் எனக்கு எதுவும் ஆகறதில்லை" என்று. ஏமாறாதீர்கள். பழகிப்போனது வேறு, மரத்துப்போனது வேறு. பழகியவர் நோயாளியின் பேரைச் சொல்வார். மரத்துப்போனவர் "அந்த லிவர் கேஸ்" என்பார்.

இரண்டு வாரம் சரியாகத் தூக்கமில்லை, டியூட்டி முடிந்ததும் குடி தேவைப்படுகிறது, தானே மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள், செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்கிற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டர் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

யாரிடம் சொல்வது

நான் முதலில் ஒரு யூனிட் பெரியவரிடம் சொன்னேன். "நிறைய சினிமா பாக்கறியா?" என்றார். இரண்டு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது தப்பு. கூட வேலை செய்கிற ஒரே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள், முடிந்தால் அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம். "நான் மோவாயப் புடிச்சா ஒரு சத்தம் போடுங்கக்கா" என்று சொல்லிவைத்த பிறகு எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது.

நோயாளிகளிடம் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் கைராசி டாக்டர் என்று பேர் கிளம்பிவிட்டால் நிறுத்த முடியாது. கோயிலில் குறி கேட்டுவிட்டு அதே செருப்போடு கிளினிக்குக்கு வருகிற ஜனம். "அந்த டாக்டரம்மாவுக்குச் சொல்லாமயே தெரிஞ்சுருது" என்று எப்படியோ கிளம்பி, ஒரு நாள் மொடச்சூர் சந்தை முடிந்த கையோடு ஒரு அம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுக் காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். என்ன செய்யுது என்று கேட்டேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கழுத்துக்குப் பின்னால் ஏதோ இழுத்தது. வாய் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுங்க. அம்மிணி சொன்னாத்தான் தெரியும்" என்றேன். மாமியாருக்குப் பெரிய ஏமாற்றம். பையிலிருந்த கத்தரிக்காயை ஒரு முறை சரிசெய்துகொண்டார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தப் பெண் சொன்னாள்: "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா. மூணு மாசமா எனக்கு நாள் தள்ளிப்போகுது. வேண்டாம்னு இருக்குது. அத்தைகிட்ட சொல்லிறாதீங்க."